செமிகோலன் வழக்குகளுக்கு ஒரு நடுவர்: ப்ரெட்டியர் மதிப்புரை

மதுரையில் நகைக்கடைகளுக்கும் ஜவுளிக்கடைகளுக்கும் பில்லிங் மென்பொருள் எழுதித் தரும் ஒரு சிறிய அணியில் இருந்துகொண்டு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். எங்கள் திரைகள் டைப்ஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியிலும் சர்வர் பகுதி பைத்தான் என்ற நிரல்மொழியிலும் எழுதப்பட்டவை. நிரலின் இடைவெளி, வரி முறிவு போன்ற தோற்றத்தைத் தானே ஒழுங்குபடுத்தும் கருவிகளாக, டைப்ஸ்கிரிப்ட் பகுதிக்கு ப்ரெட்டியரையும் பைத்தான் பகுதிக்கு பிளாக்கையும் பயன்படுத்துகிறோம். இங்கே பேச்சு பெரும்பாலும் ப்ரெட்டியரைப் பற்றியது. அது இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூலக் கருவி என்பதால், கொடுத்த காசுக்குத் தகுமா என்ற கேள்விக்கு இடமில்லை. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு: தன் நிரல் எப்படித் தோன்ற வேண்டும் என்பதில் ஒவ்வொரு டெவலப்பரும் பல ஆண்டுகளாக வளர்த்து வைத்திருக்கும் ருசியை விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த விலை தகுமா என்பதைத்தான் இங்கே பார்க்கிறேன். தகும் என்பது என் முடிவு, சில இடங்களைத் தவிர.

முதலில் இந்தக் கருவி என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஜேம்ஸ் லாங் என்பவர் உருவாக்கி 2017 ஜனவரியில் அறிவித்த கருவி இது. வரிகளை எங்கே உடைப்பது என்று முடிவு செய்யும் அதன் கணக்கு, செயல்சார் நிரலாக்க உலகில் பெயர்பெற்ற ஃபிலிப் வாட்லர் எழுதிய ஓர் ஆய்வுக்கட்டுரையை அடியொற்றியது. நீங்கள் எழுதிய நிரலை அது படித்து, அதன் இலக்கண அமைப்பை மட்டும் மரவடிவில் எடுத்துக்கொண்டு, நீங்கள் இட்ட இடைவெளிகளையும் வரி முறிவுகளையும் ஏறக்குறைய முழுவதுமாகத் தூக்கி எறிந்துவிட்டு, முழுக் கோப்பையும் தன் விதிப்படி புதிதாக எழுதித் தருகிறது. ஒரு வரி 80 எழுத்து அகலத்துக்குள் அடங்கினால் ஒரே வரியாக விடும்; அடங்காவிட்டால் வெளி அடைப்பிலிருந்து தொடங்கி உள்நோக்கி உடைத்துக்கொண்டே போகும். பத்திகளுக்கு நடுவே நீங்கள் விட்ட வெற்று வரியை மதிக்கும். ஆனால் தொடர்ந்து நான்கு வெற்று வரிகள் விட்டிருந்தால் ஒன்றாகக் குறைத்துவிடும். பிழையைச் சுட்டிக்காட்டித் திருத்தத்தை நம் தலையில் கட்டும் வேலையை அது செய்வதில்லை, தானே திருத்திவிடுகிறது. பழைய முறைச் சரிபார்ப்புக் கருவிகளோடு பழகியவர்களுக்கு இந்த ஒரு வேறுபாடே பெரிதாகத் தெரியும்.

இதற்கு முன்பு எங்கள் அணியில் நிலைமை எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு கருவியின் மதிப்பு அது இல்லாத நாட்களை வைத்துத்தான் தெரியும். எங்களிடம் இருப்பவர்களில் சிலர் சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள். சிலர் சுற்றுவட்டாரப் பொறியியல் கல்லூரிகளில் படிப்பை முடித்த கையோடு சேர்ந்தவர்கள். ஜாவா மொழியிலிருந்து வந்தவர் வரியின் தொடக்கத்தில் நான்கு ஸ்பேஸ் விட்டு உள்தள்ளினார். திரைகளை எழுத உதவும் ரியாக்ட் நூலகத்திலேயே பழகியவர் இரண்டு ஸ்பேஸோடு நிறுத்திக்கொண்டார். சி மொழியில் தொடங்கியவர் டேப் தவிர வேறெதையும் தொடமாட்டார். செமிகோலனை ஒருவர் கட்டாயம் என்றார், இன்னொருவர் அது இல்லாமலே ஓடுகிறதே என்றார். இவர்கள் எல்லோரும் ஒரே கோப்பைத் தொட்டதன் விளைவு, ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் பார்த்துச் சரிபார்க்கும் கோட் ரிவ்யூவில் தெரிந்தது. ஒருமுறை, நகையின் சேதாரத்தைக் கணக்கிட்டு எடையை முழுமையாக்கும் (ரவுண்ட் செய்யும்) ஒரு ஃபங்ஷனை, அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டை, எங்கள் அணியின் இளையவர் ஒருவர் மாற்றி அனுப்பியிருந்தார். மூத்தவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு வரிசையாகக் குறிப்புகள் எழுதினார்: இங்கே ஸ்பேஸ் இல்லை, அங்கே அடைப்பு அடுத்த வரிக்குப் போக வேண்டும், இந்த வரி நீளம். இளையவர் பொறுமையாக எல்லாவற்றையும் திருத்திவிட்டுக் கடைசியில் கேட்டார்: "அண்ணே, கணக்கு சரியா வருதான்னு பாத்தீங்களாண்ணே? எல்லாக் கமென்ட்டும் ஸ்பேஸ் பத்தியே இருக்கு." பார்த்திருக்கவில்லை. மில்லிகிராம் முழுமையாக்கல் தவறான இடத்தில் நடந்துகொண்டிருந்தது. மனிதக் கண்ணுக்கு ஒரு நாளைக்கு உள்ள கவனம் அளவானது. எளிதில் தெரியும் குறை அதைத் தின்றுவிட்டால், தேடினால் மட்டுமே தெரியும் குறைக்கு மிச்சம் இருக்காது.

அப்போதே எங்களிடம் எழுத்து வடிவில் ஒரு விதித்தொகுப்பு இருந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். அணியின் விக்கியில் அழகாக எழுதி வைத்திருந்தோம். பைத்தான் உலகில் பெப் 8 என்ற வழிகாட்டி 2001 முதல் இருக்கிறது. கைடோ வான் ராசம் உள்ளிட்டோர் எழுதிய அது, நான்கு ஸ்பேஸ் உள்தள்ளலையும் 79 எழுத்து வரியையும் பரிந்துரைக்கிறது. அவ்வளவு புகழ்பெற்ற வழிகாட்டிக்கே, ஒருவர் மறந்தால் இன்னொருவர் நினைவூட்டியாக வேண்டும் என்ற நிலைதான் இருந்தது. எழுதி வைத்த விதி, அதைப் படித்தவரைத்தான் கட்டுப்படுத்தும். படித்தவரையும் அவசரமில்லாத நாட்களில் மட்டுமே கட்டுப்படுத்தும். தீபாவளிக்கு முந்தைய வாரம் கடையிலிருந்து தொலைபேசி வரும்போது விக்கியைத் திறப்பவர் யாரும் இல்லை.

இந்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம் என்ற எண்ணத்தை முதலில் பரவலாக ஏற்கவைத்தது கோ மொழி. 2009 இல் பொதுவெளிக்கு வந்த அம்மொழியோடு சேர்ந்தே வரும் கோஃபம்ட் என்ற கருவிக்கு, உள்தள்ளலை மாற்றும் விருப்பம் கிடையாது. டேப் என்றால் டேப்தான். கோஃபம்ட் தரும் பாணி யாருக்கும் பிடித்த பாணி இல்லை, ஆனாலும் கோஃபம்ட் எல்லோருக்கும் பிடித்தது என்று அம்மொழியை உருவாக்கியவர்களுள் ஒருவரான ராப் பைக் சொன்னது பலருக்கும் தெரிந்திருக்கும். லூக்காஷ் லாங்கா 2018 இல் வெளியிட்ட பிளாக் அதே வழியில் போகிறது. ஹென்றி ஃபோர்டு தன் காரைப் பற்றிச் சொன்னதாக வழங்கும் வாசகத்தை நினைவூட்டும்படி, கருப்பாக இருக்கும்வரை எந்த நிறம் வேண்டுமானாலும் கேளுங்கள் என்ற கேலியே அதன் பெயரில் ஒளிந்திருக்கிறது. ப்ரெட்டியர் இவ்விரண்டையும் விடச் சற்று இளகியது. ஸ்பேஸா டேப்பா, செமிகோலன் வேண்டுமா வேண்டாமா, ஒற்றை மேற்கோளா இரட்டையா, வரி அகலம் எவ்வளவு என்று சில கேள்விகளை மட்டும் நம்மிடம் கேட்கிறது. புதிதாக விருப்பங்களைச் சேர்ப்பதில்லை என்பதையே ஒரு கொள்கையாக அதன் பராமரிப்பாளர்கள் பெரும்பாலும் காத்துவருகிறார்கள்.

அந்தச் சில கேள்விகளே ஒரு கூட்டத்துக்குப் போதுமானவை என்பதை அனுபவத்தில் கண்டோம். கருவி வந்துவிட்டால் சண்டை ஓயும் என்று எழுதுபவர்கள், அந்தக் கடைசிச் சண்டையைப் பற்றி எழுதுவதில்லை. நாங்கள் கடைப்பிடித்த முறையைச் சொல்கிறேன். மற்ற அணிகளுக்கும் இதையே பரிந்துரைப்பேன். எல்லாவற்றுக்கும் கருவியின் இயல்புநிலையே, அதாவது நாம் எதையும் மாற்றாதபோது அது தானே எடுக்கும் அமைப்பே, அணியின் நிலை என்று முதலில் வைத்துக்கொண்டோம். எதையாவது மாற்ற விரும்புபவர்தான் காரணம் சொல்ல வேண்டும். "எனக்குப் பழக்கம்" என்பது காரணமாக ஏற்கப்படாது. இந்த ஒரு விதியால் பெரும்பாலான கோரிக்கைகள் கூட்டத்துக்கு வரும் முன்பே உதிர்ந்துவிட்டன. இரட்டை மேற்கோளை ஒற்றையாக்க வேண்டும் என்ற கோரிக்கை மட்டும் தேறியது, அதுவும் பழைய கோப்புகளில் பெரும்பாலானவை ஒற்றை மேற்கோளில் இருந்ததால், மாற்றம் குறைவாக இருக்கும் என்ற நடைமுறைக் காரணத்துக்காக. எங்கள் அமைப்புக் கோப்பு இன்றும் ஒரே ஒரு வரிதான்.

டேப்பா ஸ்பேஸா என்பதில் மட்டும் நான் ஒரு கணம் தயங்கினேன் என்று சொல்ல வேண்டும். டேப்புக்கு ஆதரவாக வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களில் பல வெறும் பழக்கம்தான். ஆனால் ஒன்று கனமானது. டேப்பில் உள்தள்ளிய நிரலை ஒவ்வொருவரும் தத்தம் எடிட்டரில் தமக்கு வேண்டிய அகலத்தில் பார்த்துக்கொள்ளலாம். பார்வைக் குறைபாட்டால் எழுத்தை மிகப் பெரிதாக்கிப் படிப்பவர்களுக்கும், பிரெய்ல் திரை வழியாகப் படிப்பவர்களுக்கும் இது சலுகையில்லை, தேவை. ஏனெனில் பிரெய்ல் திரையில் ஒவ்வொரு ஸ்பேஸும் ஒரு கட்டத்தை விழுங்கும். உங்கள் அணியில் அப்படி ஒருவர் இருந்தால் வாக்கெடுப்பே வேண்டாம், டேப்பை இயக்கிவிடுங்கள். ப்ரெட்டியரில் அதற்கு வழி உண்டு.

வரி அகலம் பற்றிய விவாதம் வேறு வகையானது. 80 என்ற எண்ணின் வேர், ஐபிஎம் நிறுவனம் 1928 இல் கொண்டுவந்த 80 நெடுவரிசை துளை அட்டை வரை போகிறது. பெப் 8 அதில் ஒன்று குறைத்து 79 என்றது. பிளாக் 88 என்று வைத்தது. லினக்ஸ் கெர்னல் குழுவும் 2020 இல் தன் சரிபார்ப்பு நிரலின் எச்சரிக்கை எல்லையை 100 ஆக உயர்த்தியது. ஆகவே இதில் புனிதமான எண் எதுவும் கிடையாது. இன்றைய அகலமான திரையில் 80 எதற்கு என்று எங்களிடமும் ஒருவர் கேட்டார். என் பதில் இதுதான்: ரிவ்யூ செய்யும்போது பழையதும் புதியதும் பக்கம் பக்கமாகத் திறக்கின்றன, லேப்டாப்பின் திரை அப்போது பாதியாகிறது. 120 வைத்தால் அந்தப் பாதித் திரையில் வலப்பக்கம் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மேலும், ப்ரெட்டியருக்கு நாம் கொடுக்கும் எண் உச்ச வரம்பாகச் செயல்படுவதில்லை, நிரப்ப வேண்டிய அகலமாகச் செயல்படுகிறது. கையால் எழுதுபவர் எல்லை 120 என்றாலும் 70இல் வரியை முடிப்பார். கருவியோ 120 வரை கிடைத்த இடத்தையெல்லாம் நிரப்பிவிடும். எனவே இயல்புநிலையையே விட்டுவிடுங்கள்.

தமிழ் எழுதும் அணிகளுக்கு இங்கே தனியாக ஒரு சிக்கல் உண்டு. ஆங்கில மதிப்புரைகளில் இதைப் பார்க்க முடியாது. எங்கள் பில்லிங் திரையில் பொத்தான்களும் செய்திகளும் தமிழில் இருக்கின்றன. "மதுரை" என்ற சொல்லில் கண்ணுக்கு மூன்று எழுத்துகள். ஜாவாஸ்கிரிப்டின் நீளக் கணக்கிலோ ஐந்து, ஏனென்றால் துணைக்குறிகள் தனியாக எண்ணப்படுகின்றன. எடிட்டரில் ஆங்கில எழுத்துகள் சம அகலக் கட்டங்களில் நிற்க, தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் வேறோர் எழுத்துருவிலிருந்து வந்து தம் அகலத்துக்கு நிற்கின்றன. ஆகவே 80 என்ற கணக்கு தமிழ் வரிகளில் கண்ணுக்கு எதையும் சொல்வதில்லை. தவிர, மேற்கோளுக்குள் உள்ள எழுத்துத் தொடரான ஸ்ட்ரிங் ஒன்றை ப்ரெட்டியர் நடுவில் உடைக்காது. அது சரியான முடிவுதான், ஆனால் "இந்த நகைக்கான பழைய தங்க மாற்று ரசீது இன்னும் முடிக்கப்படவில்லை" போன்ற ஒரு செய்தி ஃபங்ஷன் நடுவில் இருந்தால், சுற்றியுள்ள எல்லாவற்றையும் கருவி துண்டு துண்டாக உடைத்துவிட்டு, அந்தச் செய்தியை மட்டும் நீண்ட வாலாக விட்டுவைக்கும். நாங்கள் தமிழ்ச் செய்திகள் அனைத்தையும் தரவை மட்டும் வைக்கும் தனி ஜேசன் கோப்புக்கு நகர்த்திவிட்டோம். மொழிபெயர்ப்பு வசதிக்காக எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான். கருவியின் தோற்றக் கேடு அதை முன்னதாகவே செய்ய வைத்தது.

இனி, ப்ரெட்டியர் நன்றாகச் செய்யும் ஒன்றை அருகில் வைத்துக் காட்டுகிறேன். தெற்கு ஆவணி மூல வீதியில் நகை வாங்கிய யாருக்கும் பில்லில் என்னென்ன இருக்கும் என்று தெரியும்: எடை, அன்றைய கிராம் விலை, சேதாரம், செய்கூலி, 3 சதவீத ஜிஎஸ்டி. எங்கள் நிரலில் பில் தொகையைக் கணக்கிடும் ஃபங்ஷனுக்கும் இந்த ஐந்தும் அதே வரிசையில் போகின்றன. அழைப்பு 80 எழுத்தைத் தாண்டுவதால் ப்ரெட்டியர் ஒவ்வொன்றையும் தனித்தனி வரியில் வைத்து, கடைசியில் உள்ள ஜிஎஸ்டிக்குப் பின்னாலும் ஒரு கமாவைப் போட்டுவிடுகிறது. பட்டியல் முடிந்த பிறகும் கமாவா என்று முதலில் எல்லோருக்கும் உறுத்தியது. பிறகு ஹால்மார்க் கட்டணத்தை ஆறாவதாகச் சேர்க்க வேண்டி வந்தது. கடைசிக் கமா இல்லாத பழைய பாணியில், ஜிஎஸ்டி வரியில் ஒரு கமா சேர்ந்து அது மாறிய வரியாகும். அதற்குக் கீழே புதிய வரி. ரிவ்யூ செய்பவர் ஜிஎஸ்டியில் என்ன மாறியது என்று நின்று பார்ப்பார். ஜிஎஸ்டி கணக்கில் கைவைத்தார்களோ என்ற சந்தேகம் ரிவ்யூவில் வரவே கூடாத ஒன்று. கமா முன்பே இருந்ததால் மாற்றம் ஒரே வரியாக, ஹால்மார்க் கட்டணம் மட்டுமாகத் தெரிந்தது. யார் கடைசியாக ஜிஎஸ்டி வரியைத் தொட்டார் என்ற வரலாறும் கலையவில்லை. 2023 இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து ஃபங்ஷன் அழைப்புகளிலும் இந்தக் கமாவே இயல்புநிலை.

உள்தள்ளல் வெறும் அழகுப் பிரச்சினை என்று நினைப்பவர்களுக்கு, 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் அவசரமாகத் திருத்திய பிழையை நினைவூட்டலாம். இணைய இணைப்பின் பாதுகாப்பைச் சரிபார்க்கும் சி நிரலில், 'கோட்டூ ஃபெயில்' (தோல்விப் பகுதிக்குத் தாவு) என்ற வரி தவறுதலாக இரண்டு முறை இடம்பெற்றிருந்தது. மேலே இருந்த நிபந்தனைக்கு அடைப்புக்குறி இல்லாததால் முதல் வரி மட்டுமே அதற்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது எப்போதும் ஓடி, அதற்குப் பின்னால் இருந்த கையொப்பச் சரிபார்ப்பைத் தாண்டிச் சென்றது. ஆனால் இரண்டு வரிகளும் ஒரே அளவு உள்தள்ளப்பட்டிருந்ததால் படிப்பவர் கண்ணுக்கு இரண்டும் நிபந்தனைக்குள் இருப்பதாகவே தோன்றியது. நிரலின் உண்மையான அமைப்பிலிருந்து உள்தள்ளலைக் கணக்கிடும் எந்தக் கருவியும் அந்த இரண்டாவது வரியை இடப்பக்கம் இழுத்து வைத்திருக்கும். பிழையை அது திருத்தியிருக்காது, மறைந்திருக்கவும் விட்டிருக்காது.

நிறுவும் வேலை எளிது. பழைய நிரலின்மேல் முதல்முறை ஓட்டுவதுதான் கடினம். ஆயிரக்கணக்கான வரிகள் ஒரே கமிட்டில், அதாவது நிரல் வரலாற்றில் பதியும் ஒரே மாற்றத்தில், மாறும். இதை வேறு எந்த மாற்றத்தோடும் கலக்கக் கூடாது என்பது முதல் விதி. திறந்திருக்கும் எல்லா மாற்றக் கோரிக்கைகளையும் இணைத்து முடித்த பிறகே செய்ய வேண்டும் என்பது இரண்டாவது. இல்லையென்றால் அவரவர் தனியாக வேலை செய்யும் ஒவ்வொரு கிளையும் இணைக்கும்போது மெர்ஜ் மோதலில் மாட்டும். "இந்த வரியை எழுதியது யார்" என்று பார்க்கும் வசதி முழுவதும் ஒரே நாளின் ஒரே பெயராக மாறிவிடுமே என்ற அச்சம் நியாயமானது. நிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் கருவியின் 2.23 பதிப்பில், 2019 இல், இதற்குத் தீர்வு வந்துவிட்டது: புறக்கணிக்க வேண்டிய கமிட்டுகளின் அடையாள எண்களை ஒரு கோப்பில் எழுதி வைத்தால், வரி வரலாற்றைக் காட்டும்போது கிட் அவற்றைக் கடந்து அதற்கு முந்தைய ஆசிரியரைக் காட்டும். நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளமும் இப்போது அந்தக் கோப்பை மதிக்கிறது. இதைத் தெரியாமல் பல அணிகள் பழைய நிரலைத் தொடவே அஞ்சிக்கொண்டிருக்கின்றன.

விண்டோஸில் வேலை செய்பவர்கள் அணியில் இருந்தால் இன்னொன்றையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். விண்டோஸ் தன் வழக்கப்படி வரியின் முடிவில் இரண்டு குறிகளை இடுகிறது. லினக்ஸும் மேக்கும் ஒன்றுதான் இடுகின்றன. ப்ரெட்டியர் 2.0 முதல் ஒற்றைக் குறியையே இயல்பாக எதிர்பார்க்கிறது. கிட் விண்டோஸில் கோப்புகளை இறக்கும்போது தானாக இரட்டைக் குறிக்கு மாற்றும்படி அமைந்திருந்தால், புதிதாகச் சேர்ந்தவர் முதல் நாள் கோப்பைத் திறந்ததும் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் சிவப்புக் கோடு தெரியும். ஓர் எழுத்துகூட மாற்றாத கோப்பு முழுவதும் தவறு என்று கருவி சொல்லும். கிட்டின் பண்புக் கோப்பில் வரி முடிவு எல்லோருக்கும் ஒற்றைக் குறிதான் என்று எழுதி வைத்தால் தீர்ந்தது. எடிட்டர் அளவில் எடிட்டர்கான்ஃபிக் என்ற சிறு கோப்பும் உதவும். உள்தள்ளல், எழுத்துக் குறியாக்கம், கோப்பின் இறுதி வரி போன்றவற்றைப் பல எடிட்டர்கள் அதிலிருந்து படித்துக்கொள்கின்றன, ப்ரெட்டியரும் உள்தள்ளல் போன்ற சிலவற்றை அதிலிருந்து படிக்கிறது.

கருவியை எந்த இடத்தில் கட்டாயமாக்குவது என்பதில் மூன்று படிகள் உண்டு. எடிட்டரில் சேமிக்கும்போதே ஓடும்படி வைப்பது இனிமையானது, பழகிவிட்டால் அடைப்புக்குறிகளைக் கண்டபடி தட்டிவிட்டுச் சேமித்தால் போதும். கமிட் செய்யும் முன் மாறிய கோப்புகளில் மட்டும் ஓடும்படி ஹஸ்கி, லின்ட்ஸ்டேஜ்டு ஆகிய துணைக் கருவிகளால் கட்டலாம். ஆனால் இவை இரண்டும் அவரவர் கணினியில் ஓடுபவை, ஆகவே தாண்டிச் செல்லக்கூடியவை. சர்வரில் ஒவ்வொரு மாற்றக் கோரிக்கைக்கும் ஓடும் சோதனையில் சரிபார்ப்பை வைத்து, வடிவம் மாறியிருந்தால் இணைக்க விடாமல் தடுப்பது மூன்றாவது. மூன்றில் இதுதான் அணியின் ஒப்பந்தம். மற்ற இரண்டும் வசதிகள். இயந்திரம் "இல்லை" என்று சொன்னால் யாருக்கும் கோபம் வருவதில்லை என்பது இதில் எனக்குப் பிடித்த அம்சம். அதையே மூத்தவர் சொன்னால் மதியச் சாப்பாடு வரை நீளும்.

குறைகளுக்கு வருகிறேன். வலைப்பக்கங்களை எழுதும் ஹெச்டிஎம்எல் கோப்புகளில் ப்ரெட்டியரின் வெளியீடு எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு குறியீடுகளுக்கு நடுவே இடைவெளி வந்தால் திரையில் தோற்றம் மாறக்கூடும் என்பதால், இடைவெளி சேர்க்காமல் வரியை உடைக்க, குறியீட்டின் மூடும் கோணக்குறியைத் தனியே பிரித்து அடுத்த வரியின் தலையில் வைக்கிறது. நியாயம் இருக்கிறது, கண்ணுக்கு மட்டும் வேதனை. அடுத்தது, கட்டமாக அடுக்கப்பட்ட தரவு. வரி விகித அட்டவணையை நிரலில் நெடுக்கு வரிசைகள் நேராக நிற்கும்படி இடைவெளிவிட்டு அடுக்கி வைத்திருந்தால், கருவி அந்த அடுக்கைக் குலைத்துவிடும். அதற்கு மேலே "ப்ரெட்டியர் இக்னோர்" என்று ஒரு குறிப்பு எழுதினால் விட்டுவிடும். ஆனால் அந்தக் குறிப்பு பெருகத் தொடங்கினால் பழைய சண்டை வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது என்று பொருள். எங்கள் அணியில் அதை எழுதுபவர் பக்கத்திலேயே காரணமும் எழுத வேண்டும்.

இன்னொரு குறை நுட்பமானது. எல்லோருடைய நிரலும் ஒரே வடிவத்தில் முடியும் என்ற வாக்குறுதி, சாவியும் (பெயரும்) மதிப்பும் சோடியாக அடுக்கிய ஆப்ஜெக்ட்டுகளில் முழுமையாக நிறைவேறுவதில்லை. தொடக்க அடைப்புக்கும் முதல் சாவிக்கும் நடுவே நீங்கள் ஒரு வரி முறித்திருந்தால், ஒரே வரியில் அடங்கக்கூடிய ஆப்ஜெக்ட்டையும் ப்ரெட்டியர் விரித்தே வைக்கும், முறிக்காவிட்டால் மடித்துவிடும். எனவே வாடிக்கையாளர் பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டும் கொண்ட ஒரே ஆப்ஜெக்ட், இரண்டு பேர் கையில் இரண்டு வடிவத்தில் இருக்கலாம். 3.5 பதிப்பில் இதை மாற்ற ஒரு விருப்பம் சேர்த்திருக்கிறார்கள். நாங்கள் அதைத் தொடவில்லை. சில இடங்களில் விரித்து வைப்பது படிக்க உதவுகிறது என்பதால் இந்தச் சிறு சுதந்திரத்தை அப்படியே விட்டுவிட்டோம்.

இந்தக் கருவி தொடாத இடங்களைக் குறையாக எண்ணக் கூடாது, ஆனால் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ள வேண்டும். பெயர் வைப்பதில் அது தலையிடாது: ஒருவர் சேதாரத்துக்கு ஆங்கிலப் பெயரும் இன்னொருவர் தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்திலும் எழுதினால், அதை நீங்களேதான் பேசித் தீர்க்க வேண்டும். முந்நூறு வரி ஃபங்ஷனை அழகாக உள்தள்ளித் தருமே ஒழியப் பிரித்துத் தராது. பயன்படாத மாறிகள், மறந்துபோன 'அவெய்ட்' (ஒரு வேலை முடியும்வரை காத்திரு என்ற சொல்) போன்றவற்றுக்குப் பிழை தேடும் கருவியான ஈஎஸ்லின்ட் தனியாக வேண்டும். அந்தக் கருவியே 2023 இல் தன் வடிவமைப்பு சார்ந்த விதிகளைக் கைவிடுவதாக அறிவித்து, அந்த வேலையைப் ப்ரெட்டியர் போன்றவற்றுக்கு விட்டுக்கொடுத்துவிட்டது. பழைய அமைப்பில் அந்த விதிகள் இன்னும் இயங்கினால் இரண்டு கருவிகளும் ஒரே வரியைத் திருப்பித் திருப்பி மாற்றிக்கொண்டிருக்கும். மோதும் விதிகளை அணைத்துவிட ஆயத்தமாகவே ஓர் அமைப்புத் தொகுப்பு கிடைக்கிறது, அதை முதலிலேயே சேர்த்துவிடுவது நல்லது.

மாற்றுகளைப் பொறுத்தவரை, ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட பயோம் ப்ரெட்டியரை விட மிக வேகமானது, வடிவமும் பெரும்பாலும் ஒத்துப்போகிறது. நிரலின் அளவு மிகப் பெரிதாக இருந்து சர்வர் சோதனை இழுத்தடித்தால் அதைப் பார்க்கலாம். பைத்தானில் பிளாக்குக்கு ரஃப் அதே வகைப் போட்டியாளர், ஏறக்குறைய அதே வடிவத்தைத் தருகிறது. எங்கள் அளவுக்கு வேகம் ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை. பிளாக்கைப் பற்றி ஒன்று சொல்லலாம்: ஓர் ஆண்டுக்குள் வடிவம் மாறாது, மாற்றங்கள் ஆண்டின் முதல் வெளியீட்டில் மட்டும் வரும் என்று 2022 முதல் அது உறுதி அளித்துவருகிறது. ப்ரெட்டியரிடம் அப்படியோர் ஆண்டு அட்டவணை இல்லை. அடுக்கடுக்கான கேள்விக்குறி நிபந்தனைகளின் உள்தள்ளலை ஒரு காலத்தில் எடுத்துவிட்டு, 3.1 இல் மீண்டும் கொண்டுவந்தார்கள். இத்தகைய சிறு மாற்றம்கூட நூற்றுக்கணக்கான கோப்புகளைத் தொடும்.

ஆகவே பதிப்பு எண்ணைத் துல்லியமாக, ஏற்ற இறக்கத்துக்கு இடமில்லாமல் பூட்டிவையுங்கள். ஒருவர் கணினியில் ஒரு பதிப்பும் சர்வரில் வேறொரு பதிப்பும் ஓடினால் நடுவரே இரண்டு பேர் ஆகிவிடுவார்கள். ஒருவர் தனியாக எழுதும் சிறு நிரலுக்கும், பெரும்பாலும் ஹெச்டிஎம்எல் வார்ப்புருக்களால் ஆன தளத்துக்கும் இதை நான் வற்புறுத்தமாட்டேன். மூன்று பேருக்கு மேல் தொடும் டைப்ஸ்கிரிப்ட் நிரலுக்கு, முதல் வாரத்திலேயே, இயல்புநிலையில், சர்வர் சோதனையோடு சேர்த்து வையுங்கள். பதிப்பை உயர்த்தும்போது அதற்கெனத் தனிக் கமிட் போட்டு, அதன் எண்ணைப் புறக்கணிப்புக் கோப்பில் சேர்த்துவிட வேண்டும். எங்களிடம் அதற்கு நாள் பார்ப்பதும் உண்டு: அட்சய திருதியைக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரங்களில் கடைகள் அனைத்தும் பில் போட்டுக்கொண்டிருக்கும்போது யாரும் ப்ரெட்டியரின் பதிப்பைத் தொடக் கூடாது.